கதை எழுதுகிறவர்களின் பழக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்மாவின் யாங்கோனில் (பழைய ரங்கூனில்) ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் சிறுகதை எழுதுகிறவர்கள் சிலர் உண்டு. பெரும்பாலோர் கோடை விடுமுறையில் கோயில் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்து, பிறகு கிடைத்ததையெல்லாம் வாசித்துத் தாமாகவே எழுத வந்தவர்கள். தங்கள் கதைகளில் ஒரே சொல்லோ ஒரே காட்சியோ ஒரே முடிவோ மறுபடியும் மறுபடியும் வருவதைக் கவனித்தவுடன் அவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன.

டீச்சர், பழக்கம் என்கிறீர்கள், நடை என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. இந்தக் கதைக்கு இது வேண்டும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தது நடை. பார்க்காமலே கை எழுதிவிட்டது பழக்கம். நீண்ட வாக்கியம் எழுதுவது ஒருவருடைய நடையாக இருக்கலாம். ஆனால் தெருச்சண்டையிலும் சாவு வீட்டிலும் பிள்ளை பிறந்த வீட்டிலும் ஒரே நீளத்தில் வாக்கியம் ஓடினால், அங்கே எழுதியவர் கதையைப் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பழக்கம் சொல்லில் தங்கினால் எளிதில் பிடிபடும்: ‘திடீரென்று’, ‘ஏனோ தெரியவில்லை’, பத்திக்குப் பத்தி மூன்று புள்ளிகள். காட்சியில் தங்கினால் கொஞ்சம் மறைந்துகொள்ளும்: யார் யாருக்குக் கெட்ட செய்தி சொன்னாலும் அது தேநீர்க் கடையில்தான் நடக்கும், கேட்டவர் கோப்பையை மெல்ல மேசைமேல் வைப்பார். கதையின் அமைப்பிலேயே தங்கிவிட்டதோ எழுதியவர் கண்ணுக்குக் கடைசியாகத்தான் படும்.

என் கதைகளை நானே பலமுறை படித்துவிட்டேன். எனக்கு ஒன்றும் தென்படவில்லையே, எப்படித்தான் கண்டுபிடிப்பது?

ஒவ்வொரு கதையாகப் படித்தால் தென்படாது. கோயில் ஆண்டு மலரில் ஆண்டுக்கு ஒரு கதை வருகிறவரின் பழக்கத்தை வாசகரும் கவனிப்பதில்லை, அவரும் கவனிப்பதில்லை. அதே கதைகளைத் தொகுப்பாக்கலாம் என்று அடுக்கும்போதுதான் மூன்றாவது கதையிலேயே முகம் சுளிக்கத் தோன்றும். ஆகவே தொகுப்பு வரும்வரை காத்திராமல், இப்போதே உங்கள் கதைகளின் முதல் பத்திகளை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். கடைசிப் பத்திகளை இன்னொரு தாளில் எழுதுங்கள். பாத்திரங்களின் பெயர், வயது, தொழில் ஆகியவற்றை மூன்றாவது தாளில் குறியுங்கள். கதைகளை எடுத்து வைத்துவிட்டு அந்தத் தாள்களை மட்டும் பாருங்கள்.

இன்னொரு வழி, பிறரை விட்டு உரக்கப் படிக்கச் சொல்வது. நீங்களே படித்தால் உங்கள் குரல் உங்கள் பழக்கங்களை மூடிக்கொண்டு போகும். வேறொருவர் படிக்கும்போது, அடுத்து என்ன சொல் வரப்போகிறது என்று உங்களுக்கு முன்பே தெரிந்து கூச்சமாக இருக்கும் இடங்களில் பென்சிலால் ஒரு கோடு போட்டால் போதும். அந்தக் கூச்சம் பெரும்பாலும் சரியான இடத்தில்தான் வருகிறது.

கைப்பேசியில் சொல்லைத் தேடினால் பாதிதான் அகப்படுகிறது. தமிழுக்குத் தேடல் வேலை செய்யாதா?

வேலை செய்யும், முழுச் சொல்லைக் கொடுத்துத் தேடுவதுதான் தொல்லை. நம் சொற்கள் வேற்றுமை ஏற்றும் அடுத்த சொல்லோடு சேர்ந்தும் வால் மாறுகின்றன. ‘பெருமூச்சு’ என்று தேடினால் ‘பெருமூச்சை’, ‘பெருமூச்சோடு’, ‘பெருமூச்செறிந்தாள்’ ஆகியவை தப்பிவிடும். கடைசி உகரத்தை விட்டுவிட்டு ‘பெருமூச்ச’ என்று தேடினால் பெரும்பாலான செயலிகளில் எல்லாம் சேர்ந்து வரும். வினைகளுக்கும் அப்படியே: ‘திரும்பிப் பார்’ என்பதோடு நிறுத்திக்கொண்டால் பார்த்தான், பார்த்தாள், பார்க்காமல் எல்லாம் கிடைக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும்.

‘பெருமூச்சு விட்டாள்’, ‘கண்கள் கலங்கின’ இரண்டையும் எடுத்துவிட்டால் என் கதையில் உணர்ச்சியே இல்லை. வேறு எப்படித்தான் காட்டுவது?

எங்கள் வட்டத்தில் ஒருவர் எழுதியிருந்ததை, அவர் அனுமதியோடு, பெயரை மாற்றித் தருகிறேன். வெளியூர் போன மகளிடமிருந்து வெகுகாலத்துக்குப் பிறகு கடிதம் வருகிறது. ‘கடிதத்தைக் கண்டதும் செல்லம்மாளின் கண்கள் கலங்கின. பெருமூச்சு விட்டாள்’ என்பது முதல் வடிவம். இதில் பிழை ஒன்றுமில்லை, ஆனால் இந்தச் செல்லம்மாள் எந்த ஊரில் எந்த மாடியில் வேண்டுமானாலும் இருக்கலாம். அவர் இருப்பதோ யாங்கோன் நகர நடுவில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் நான்காம் மாடியில். அங்கே மாடிக்கு மாடி தெருவரைக்கும் கயிறு தொங்கும், முனையில் ஒரு கிளிப் இருக்கும், செய்தித்தாளும் சாவியும் அதில் மாட்டித்தான் மேலே போகும் என்பது நமக்கெல்லாம் தெரியும். அவர் திருத்தி எழுதியது இது: ‘கயிற்றைப் பாதி இழுத்தவள் நிறுத்திக்கொண்டாள். இரண்டாம் மாடிக்கு நேராக உறை காற்றில் சுழன்றது. கீழே நின்ற பையனிடம், தபால்தலை எந்த ஊருடா என்று கேட்டாள்.’

கண்ணீர் இல்லை, ஆனால் கடிதம் யாரிடமிருந்து என்று அவள் எதிர்பார்க்கிறாள், அது அப்படி இல்லாமல் போனால் என்ன செய்வாள் என்ற இரண்டும் வந்துவிட்டன. நான்காம் மாடியிலிருந்து தெருவுக்குக் கேட்கும்படி அவள் கத்தியிருக்க வேண்டும் என்பதையும், பக்கத்து வீடுகள் கேட்டிருக்கும் என்பதையும் கூட வாசகர் தாமே சேர்த்துக்கொள்வார். உணர்ச்சியைக் காட்டும் உறுப்பைத் தேடாமல், அந்த நேரத்தில் அவள் கையில் என்ன இருந்தது என்று தேடுங்கள்.

பாத்திரங்களின் பெயர்கள் எல்லாம் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. இதையெல்லாமா ஒரு குறையாகச் சொல்வது?

சிறிய குறைதான். மாரியப்பன், மாணிக்கம், மாலதி மூவரும் ஒரே வீட்டில் இருந்தால் வாசகர் தடுமாறுவார், மாற்றிவிடுங்கள், முடிந்தது.

இங்கே எழுதுகிறவர்கள் பெயர் விஷயத்தில் கைவிட்டுவிடும் பெரிய வாய்ப்பு வேறொன்று. நம் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயரும் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பர்மியப் பெயரும் இருப்பது வழக்கம். கதைகளிலோ எல்லாரும் எல்லா இடத்திலும் தமிழ்ப் பெயரோடு மட்டுமே உலவுகிறார்கள். யார் எந்த இடத்தில் எந்தப் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள், கூப்பிட்டவுடன் அவன் எதற்குத் திரும்புகிறான் என்பதை வைத்தே ஒரு பக்கம் மிச்சப்படுத்தலாம்.

எல்லாக் கதையும் மழையில் தொடங்குகிறது என்று கேலி செய்கிறார்கள். மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை இங்கே மழைதானே, நான் என்ன செய்யட்டும்?

யாங்கோனில் ஆண்டுக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது என்பதால் மழையை எழுதக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. நம் மரபே மழையை எழுதித் தீர்த்த மரபு. முல்லைத் திணைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை; எத்தனையோ புலவர்கள் அதே கார்காலத்தையும் அதே மாலையையும் எழுதியிருக்கிறார்கள், யாரும் சலித்துக்கொள்ளவில்லை. காரணம், அங்கே மழை ஒரு கெடு. கார் வருமுன் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் வரவில்லை, மழை வந்துவிட்டது என்றால் ஒவ்வொரு துளியும் அவன் சொல்லுக்கு எதிரான சாட்சி.

குறுந்தொகையின் 66ஆம் பாட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கொன்றை பூத்துவிட்டதைக் கண்டு தலைவி கலங்குகிறாள். தோழியோ, இது கார்காலத்து மழையே அல்ல, பருவம் தப்பிப் பெய்த மழையைக் காரென்று எண்ணிப் பேதைக் கொன்றைகள் பூத்துவிட்டன என்று மரத்தின் மேல் பழியைப் போட்டுவிடுகிறாள். தோழி சொல்வது உண்மையா, தேற்றுவதற்காகச் சொல்லும் பொய்யா என்பதுதான் பாட்டின் உயிர். மழையை எடுத்துவிட்டால் அங்கே பாட்டே இல்லை.

உங்கள் கதையிலும் அதே சோதனையைச் செய்யுங்கள். முதல் பத்தியின் மழையை வெயிலாக மாற்றிப் படியுங்கள். கதை ஓரிடத்திலும் இடறவில்லை என்றால் அந்த மழை சும்மா பெய்கிறது. தரைத்தளக் கடைக்குள் தெருத்தண்ணீர் ஏறுவதால் சரக்கை இரவோடிரவாக யார் வீட்டுக்கு மாற்றுவது என்ற கேள்வி எழுந்தால், அல்லது 2008 மே 2ஆம் தேதி இரவு ஐராவதி டெல்டாவில் நர்கிஸ் புயல் கரையேறியபோது அண்ணன் அங்கே இருந்தான் என்றால், மழை வேலை செய்கிறது. அப்படிப்பட்ட மழை எத்தனை கதையில் வந்தாலும் வரட்டும்.

நான் தமிழ்நாட்டையே பார்த்ததில்லை. ஆனாலும் கிராமம் என்று எழுதினால் ஆலமரமும் பஞ்சாயத்தும் தாமாக வந்துவிடுகின்றன.

அவை பழைய சினிமாவிலிருந்தும் பாடப்புத்தகத்திலிருந்தும் வந்தவை. உங்கள் கண்ணிலிருந்து வந்தவையல்ல. தன்லின் பக்கமும் பகோ பக்கமும் தலைமுறைகளாக நெல் பயிரிடும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு, பேருந்து ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். அங்காள பரமேஸ்வரி கோயிலும் தூரத்தில் பகோடாவும் ஒரே வயல்வெளியில் தெரியும் ஊரை விட்டுவிட்டு, பார்க்காத ஆலமரத்தை எழுதுவது வீண்.

எந்தக் கதை எழுதினாலும் 1942இல் இந்தியாவுக்கு நடந்தே போனதோ 1964இல் கடை போனதோ வந்துவிடுகிறது. படிக்கிறவர்கள் ‘மறுபடியுமா’ என்கிறார்கள். விட்டுவிடட்டுமா?

இந்தக் கேள்விதான் எங்கள் வட்டத்தில் அதிகம் கேட்கப்படுகிறது, ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்த பிறகு, அரக்கான் மலைவழியாகவும் தமு வழியாக மணிப்பூருக்கும் இலட்சக்கணக்கான இந்தியர்கள் புறப்பட்டார்கள். வழியில் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கில்லை. 1962இல் ராணுவம் ஆட்சிக்கு வந்து, 1964 மார்ச்சில் கடைகளை அரசுடைமையாக்கி, மே மாதத்தில் 50, 100 சாட் நோட்டுகளைச் செல்லாதவையாக்கியது. அதன்பின் கப்பலேறியவர்கள் சென்னையில் பர்மா பஜாரை உண்டாக்கினார்கள். தரைவழியே மறுபடி இந்த நாட்டுக்குள் வர முயன்று எல்லையில் தடுக்கப்பட்டவர்கள் மணிப்பூர் எல்லையூரான மோரேயில் குடியமர்ந்தார்கள். இவ்வளவு பெரிய விஷயத்தை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் நீங்கள் எழுதும் கதையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கடையில் முத்திரை வைக்கிறார்கள், தாத்தா கணக்குப் புத்தகத்தைத் தடவிப் பார்க்கிறார், குடும்பம் துறைமுகத்தில் நிற்கிறது, கப்பல் சங்கு ஊதுகிறது. இது போனவர்களின் கதை. உங்கள் தாத்தா போகவில்லை. போயிருந்தால் நீங்கள் இன்று யாங்கோனில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள். போனவர்கள் அங்கே போய்ச் சொன்ன கதை, சினிமாவும் பத்திரிகையும் வழியாகத் திரும்பி வந்து நம் கதையாக உட்கார்ந்துவிட்டது. திரும்பத் திரும்ப வருவது 1964 அல்ல, இரவல் வாங்கிய ஒரு துறைமுகக் காட்சி.

தங்கியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கடை போன மறுநாள் காலையில் அவர் எங்கே போனார்? அண்ணன் தம்பிகளில் ஒருவர் கப்பலேறி ஒருவர் நின்றது எதனால், அதை யார் தீர்மானித்தது? பிள்ளைகளுக்குப் பர்மியப் பெயர் வைக்கும் பேச்சை வீட்டில் முதலில் எடுத்தவர் யார்? 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் குடிமக்களை மூன்று வகையாகப் பிரித்தபோது, ஒரே வீட்டில் யாருக்கு எந்த அட்டை கிடைத்தது? இவற்றில் ஒன்றைப் பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ கேட்டுவிட்டு எழுதினால், அதே ஆண்டு ஐந்தாவது முறை வந்தாலும் ‘மறுபடியுமா’ என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

என் கதையில் வரும் பர்மியர் எல்லாருமே தங்கமானவர்கள். இது பழக்கமா, பயமா?

இரண்டும் கலந்தது. சிறுபான்மையாக வாழ்கிறவர்கள் எழுதும்போது பக்கத்து வீட்டாரைப் பற்றி நல்லதையே சொல்லிவைப்பது ஒரு தற்காப்பு, அதைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்காக, வேண்டுமென்றே ஒரு கெட்டவரைக் கொண்டுவந்து நிறுத்துவதும் தீர்வாகாது. அது இன்னொரு அச்சு.

கதாநாயகன் அழும்போது தேநீர் கொடுத்துக் காசு வாங்காமல் அனுப்பும் கடைக்காரர் நல்லவர் என்பதல்ல சிக்கல். அவருக்கென்று ஒரு வேலையும் ஒரு விருப்பமும் கதையில் இல்லை என்பதுதான் சிக்கல். அவர் மகனுக்கு அன்று தேர்வு முடிவு வருகிறது என்று வையுங்கள். நம் ஆளின் அழுகையை அரைக்காதில் வாங்கிக்கொண்டே தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். நல்லவராகவே இருக்கட்டும், ஆனால் அந்த நேரத்தில் நம் கதைக்காகக் காத்துக்கொண்டிருக்கும் நல்லவராக இருக்க வேண்டாம்.

முடிவு வந்தாலே யாராவது செத்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் ஒரு நீதி வந்துவிடுகிறது. மாற்ற முடியவில்லை.

முன்னே சொன்ன கடைசிப் பத்திகளின் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு கதையிலும் கடைசி இரண்டு பத்திகளை மடித்து மறைத்துவிட்டுக் கதையைப் படியுங்கள். பாதிக்கு மேற்பட்டவை மடித்த இடத்திலேயே முடிந்திருப்பதைக் காண்பீர்கள். மிச்சமிருப்பவற்றில்தான் உண்மையான வேலை இருக்கிறது: அங்கே சாவு வருவது, அந்தப் பாத்திரம் உயிரோடிருந்தால் எடுத்தாக வேண்டிய முடிவு உங்களுக்கே தெரியாததால். கணவன் திரும்பி வந்தபின் அவள் கதவைத் திறந்தாளா என்று தெரியாதபோது, கணவனை வழியிலேயே பேருந்தில் அடிபடச் செய்துவிடுகிறோம்.

நீதி வருவதற்குக் காரணம் வேறு. மலர்க் குழுவில் பெரியவர்கள் இருப்பார்கள், ‘கதையில் கருத்து என்ன’ என்று கேட்பார்கள். அவர்கள் கேட்டால் வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு பழக்கத்தை விட்டால் இன்னொன்று வந்து ஒட்டிக்கொள்கிறது, டீச்சர்.

வரத்தான் செய்யும். பெருமூச்சை எடுத்தவர்கள் எல்லாரும் சில மாதங்களில் சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். எடுத்த இடத்தில் அதே அளவுக்கு வேறொன்றை வைத்து அடைப்பதால் இப்படி ஆகிறது. சில இடங்களை அடைக்கவே வேண்டாம், முன்பின் வாக்கியங்கள் தாமே சேர்ந்துகொள்ளும். முதல் வடிவம் எழுதும்போது பழக்கத்தோடு மல்லுக்கு நிற்கவும் வேண்டாம். எழுதிவிட்டுப் பிறகு களை எடுங்கள்.

எல்லாக் கதையிலும் அப்பா இல்லை. என் தம்பி கேட்கிறான், ‘அக்கா, ஏன் அப்பாவைக் கொன்றுகொண்டே இருக்கிறாய்’ என்று. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தம்பிக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. எழுதுகிறவரின் மனத்தைக் கதையைக் கொண்டு அளந்து சொல்ல வாசகருக்கு உரிமையும் இல்லை, அதற்கான திறமையும் பெரும்பாலும் இருப்பதில்லை. கதையில் அப்பா இல்லாததற்குச் சாதாரணக் காரணமும் இருக்கலாம்: அப்பா வீட்டில் இருந்தால் பதினாறு வயதுப் பெண் தனியாக முடிவெடுக்க முடியாது, ஆகவே கதை நகர அவர் வெளியே போக வேண்டியிருக்கிறது.

எது காரணம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அப்பா அதே அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கதையை எழுதிப் பாருங்கள். அவர் பேச வேண்டியதில்லை, வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கட்டும். எழுதுவது தொழில்நுட்பமாகக் கடினமாக இருந்தால் அது வெறும் கதைப் பழக்கம். கை வேறு காரணத்தால் நின்றுவிட்டால், உங்களுக்குச் சொல்ல இன்னும் ஏதோ இருக்கிறது. அந்தக் கதையை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் களைந்துவிட்டால் என் கதையில் நான் எங்கே இருப்பேன்?

எல்லாவற்றையும் களையச் சொல்லவில்லை. ஐங்குறுநூற்றில் குறிஞ்சிக்கு உரிய நூறு பாட்டையும் பாடியவர் கபிலர் ஒருவரே. அதே மலை, அதே புனம், அதே களவு. அதற்குள்ளும் பத்துப் பத்தாகப் பிரித்து, ‘அன்னாய் வாழிப் பத்து’ என்ற முதல் பத்தில் ஒவ்வொரு பாட்டையும் அதே அழைப்போடு தொடங்குகிறார். தொடக்கம் ஒன்றாகவே இருப்பதால், ஒவ்வொரு முறையும் சொல்ல வருவது எங்கே விலகுகிறது என்று கேட்பவர் காது தீட்டிக்கொள்கிறது. திரும்ப வருவதை மறைக்காமல், அதையே அடித்தளமாக்கிக்கொண்ட வேலை அது.

ஆகவே சொல்லில் தங்கிய பழக்கத்தைத் தயங்காமல் வெட்டுங்கள். காட்சியில் தங்கியதை மழைக்குச் சொன்ன சோதனையில் போட்டுப் பாருங்கள். பொருளில் திரும்ப வருவதை, தாத்தா கதைக்குச் சொன்னதுபோல, இரவலா சொந்தமா என்று மட்டும் கேளுங்கள். சொந்தமானால் ஆயுள் முழுவதும் அதையே எழுதலாம்.

நண்பர் கதையில் பழக்கம் பளிச்சென்று தெரிகிறது. சொன்னால் மனம் புண்படும், சொல்லாமலிருக்கவும் முடியவில்லை.

நம் வட்டத்தில் எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், சம்பந்தி. இங்கே ‘உங்கள் கதைகள் எல்லாம் ஒரே மாதிரி’ என்று சொன்னால் அது அடுத்த கல்யாணம் வரை நிற்கும். அடைமொழி எதுவும் சேர்க்காமல் இடத்தை மட்டும் சொல்லுங்கள்: இந்தக் கதையில் 2ஆம் பக்கம், போன கதையில் கடைசிப் பக்கம், அதற்கு முந்தியதில் முதல் பத்தி, மூன்றிலும் கோப்பையை மெல்ல வைக்கிறார்கள் என்று. எண்ணிக் காட்டினால் கோபம் வருவது குறைவு, சிரிப்பு வருவது அதிகம். பலர் முன்னிலையில் சொல்லாமல் வீட்டுக்குப் போகும் வழியில் சொல்லுங்கள், அவர் கேட்டால் மட்டும் திருத்தம் சொல்லுங்கள். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். அடுத்த கதையில் கோப்பை இருக்காது.